கட்டிலைக் கடைசியில் பாருங்கள்: கரீபியன் ஸ்கூபா பயணத்துக்குத் தங்குமிடம் தேர்வது எப்படி?

ஸ்கூபா டைவிங்குக்காகக் கரீபியன் தீவுகளுக்குக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் விடுதியைத்தான் தேடுகிறார்கள். படுக்கை, நீச்சல் குளம், வெண்மணல், சன்னலில் தெரியும் கடல், நட்சத்திரக் கணக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டு முன்பணம் கட்டிவிட்டு, அதன் பிறகு ‘பக்கத்தில் டைவிங் எங்கே?’ என்று கேட்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது. டைவ் செய்பவரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கணக்குப் போட்டால் அது விளங்கும். காலைப் படகில் இரண்டு டேங்க், அதாவது இரண்டு டைவ், என்பது அங்கே பரவலான வழக்கம். ஒரு டைவ் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், இரண்டுக்கும் நடுவே மேலே ஒரு மணி நேரம் போலக் காத்திருப்பு. இதில் யாரும் கைவைக்க முடியாது. கூட்டவோ குறைக்கவோ முடிவது, அறைக் கதவிலிருந்து பவளத்திட்டு வரை போய்வரும் நேரம் மட்டுமே. அது பத்து நிமிடமா, இரண்டு மணி நேரமா என்பதை நீங்கள் எங்கே தங்குகிறீர்கள் என்பதே தீர்மானிக்கிறது. ஆகவே கடல் முதலில், அடுத்துக் கரை, அதன்பின் டைவ் கடை, கட்டில் கடைசி.

முதற்படியாக, விடுதிப் படங்களை மூடிவிட்டுத் தீவின் வரைபடத்தைத் திறந்து கிழக்கு எது என்று பாருங்கள். கரீபியன் கடலில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வணிகக் காற்று ஓயாமல் வீசுகிறது. தீவின் கிழக்குக் கரை அந்தக் காற்றையும் அலையையும் நேராக வாங்கிக்கொள்ள, மேற்குக் கரை தீவின் மறைவில் அடங்கிக் கிடக்கும். பொனேர், கோசுமெல் தீவுகளில் டைவர்கள் மேற்குக் கரையிலேயே குவிவதற்கு இதுதான் காரணம். கிழக்குக் கரையில் மலிவாகக் கிடைக்கும் அழகான வீடு காற்று வாங்க நன்றாக இருக்கும். டைவுக்கு நாள்தோறும் தீவைக் குறுக்கே கடக்க வேண்டிவரும்.

விலக்கும் உண்டு. தொபாகோவில் பெயர்பெற்ற டைவிங் வடகிழக்கு முனையில், ஸ்பேசைட் ஊருக்கு எதிரே, லிட்டில் தொபாகோ தீவைச் சுற்றி நடக்கிறது. விமான நிலையமும் விடுதிகளில் கணிசமானவையும் இருப்பதோ தென்மேற்கு மூலையில், க்ரௌன் பாயிண்ட் பக்கம். நடுவே இருப்பது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வளைவுச் சாலை. மேற்கு என்றால் டைவிங் என்று மனப்பாடம் செய்தவர் இங்கே தவறான முனையில் அறை எடுப்பார். குளிர்காலத்துக்கு வேறொரு கணக்கு. வட அமெரிக்காவிலிருந்து குளிர் அலை இறங்கும்போது வடக்கிலிருந்து பலத்த காற்று ஓரிரு நாள் அடிக்கும். கோசுமெலில் அப்போது துறைமுக அதிகாரி துறைமுகத்தை மூடினால் படகு எதுவும் நகராது. ஹோண்டுராஸின் ரோவாடானில் வடகரை கொந்தளித்தாலும் தென்கரையில் டைவ் செய்ய முடியும். அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர், ‘வடகரை சரியில்லை என்றால் எங்களைத் தென்கரைக்குக் கூட்டிப்போவீர்களா?’ என்று டைவ் கடையில் எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி, அந்தத் தீவில் கடலுக்குள் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பது. கரையிலிருந்து நடந்தா, படகிலிருந்தா? பொனேர் முதல் வகை. 1979இல் அமைந்த அதன் கடல் பூங்கா, கரையின் உயர் நீர்மட்டத்திலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றிலும் விரிகிறது. சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடங்களின் பெயர்கள் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்தி, டேங்கை மாட்டிக்கொண்டு, கடலில் இறங்க வேண்டியதுதான். ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி இறங்கலாம். இங்கே விடுதியைவிட முக்கியம் பிக்கப் டிரக். அறை வாடகையையும் வண்டி வாடகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். பல விடுதிகள் அறை, வண்டி, அளவில்லா டேங்க் மூன்றையும் ஒரே தொகையில் தருகின்றன. வண்டி உண்டு என்பதற்காகத் தொலைவில் தங்குவதும் சரியல்ல. வாசலிலேயே படகுத்துறையும் அதன் கீழே பவளத்திட்டும் உள்ள விடுதி கிடைத்தால், மாலை டைவுக்கும் இரவு டைவுக்கும் வண்டியே வேண்டாம். காற்று நிரப்பும் இடம் விடுதிக்குள்ளேயே இருந்தால் தினமும் ஒரு டைவ் கூடுதலாகக் கிடைக்கும். டேங்கும் எடைப் பெல்ட்டுமாக ஈரப் படிக்கட்டில் மூன்றாம் மாடி ஏறுவது சிரமம் என்பதால் தரைத்தள அறை கேளுங்கள். வண்டியில் பணம், பாஸ்போர்ட், கேமரா எதையும் விட்டுவிட்டுக் கடலில் இறங்கக்கூடாது என்பது அந்தத் தீவில் எல்லாரும் சொல்லும் எச்சரிக்கை. ஆகவே அறையில் பூட்டுப் பெட்டி இருப்பது அங்கே ஆடம்பரம் அல்ல. முதல் நாள் பூங்காக் கட்டணம் கட்டி, அறிமுக விளக்கம் கேட்டு, சோதனை டைவ் ஒன்றும் முடித்தாக வேண்டும். இதெல்லாம் விடுதிக்குள் இருக்கும் கடையிலேயே நடந்தால் அரை நாள் மிச்சம்.

கோசுமெல் நேர் எதிர். அங்கே நீரோட்டம் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும் அந்த ஓட்டத்தோடு மிதந்து போக, படகு மேலே பின்தொடர்ந்து வந்து ஏற்றிக்கொள்ளும். எனவே கரையில் இறங்கும் வசதிக்குப் பணம் கொடுப்பதில் பொருள் இல்லை. பலங்கார், சாந்தா ரோசா போன்ற இடங்கள் தெற்கே, 1996இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. சான் மிகெல் ஊரோ நடுமேற்கில். ஊர்ப் பக்கத்திலிருந்து பலங்காருக்கு மெதுவான படகில் முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். தென்பகுதி விடுதிகளின் சொந்தத் துறையிலிருந்து சில நிமிடங்களே. என் வாதத்தின்படி தெற்கே தங்கு என்று முடித்துவிடலாம். ஆனால் தெற்கு விடுதிகளைச் சுற்றிக் கடைகண்ணி குறைவு. சாப்பாடு முதல் பற்பசை வரை விடுதி வைத்ததே விலை. ஊரில் தங்கினால் டாக்கோ கடையில் பசியாறலாம், பல டைவ் கடைகளில் விலை விசாரிக்கலாம், பிடிக்காவிட்டால் மறுநாளே கடையை மாற்றலாம். இதற்கு ஒரு தீர்வு உண்டு: விடுதியைப் பார்க்காமல் படகைக் கேளுங்கள். வேகப் படகு வைத்திருக்கும் சிறு கடை என்றால் ஊரில் தங்குங்கள். பெரிய, மெதுவான படகில்தான் போகவேண்டும் என்றால் தெற்கே தங்குங்கள்.

பெலீஸில் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். கிரேட் புளூ ஹோல் என்ற கடலடிப் பெருங்குழியைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஆம்பர்கிரிஸ் கேயின் சான் பெட்ரோவில் அறை எடுப்பவர் பலர். அங்கிருந்து லைட்ஹவுஸ் பவளத்தீவுக்குப் படகில் போகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். சுண்ணாம்புத் தூண்கள் தொங்கும் இடம் சுமார் 40 மீட்டர் ஆழத்தில். அந்த ஆழத்தில் இருக்க அனுமதியுள்ள நேரம் சில நிமிடங்களே. ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர், அட்வான்ஸ்டு சான்றிதழின் எல்லை 30 என்பதையும் நினைவில் வையுங்கள். புளூ ஹோலை ஒருநாள் வேடிக்கையாக வைத்துக்கொண்டால் சான் பெட்ரோ போதும். அந்தப் பவளத்தீவின் கடலடிச் சுவர்களில்தான் வாரம் முழுதும் டைவ் என்றால், பவளத்தீவிலேயே உள்ள விடுதியோ, படகிலேயே தங்கும் லைவ்அபோர்டோதான் பொருத்தம். கேமன் தீவுகளிலும் இதே தேர்வுதான். கிராண்ட் கேமனின் செவன் மைல் கடற்கரையில் கடை, உணவகம், கப்பல் கூட்டம் எல்லாம் உண்டு. 2011இல் மூழ்கடிக்கப்பட்ட கிட்டிவேக் கப்பலும் அருகில்தான். லிட்டில் கேமனில் சில சிறு விடுதிகளைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. ஆனால் ஆறேழு மீட்டரில் தொடங்கிச் செங்குத்தாக இறங்கும் பிளடி பே சுவர் இருப்பது அங்கேதான்.

மூன்றாம் படி டைவ் கடை. கேள்விகளைச் சுருக்கமாக அனுப்புங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்? காற்று முதலில் தீர்ந்தவருக்காக எல்லாரையும் மேலேற்றுவீர்களா? படகில் ஆக்ஸிஜன் உண்டா? அருகிலுள்ள உயர் அழுத்தச் சிகிச்சை அறை எந்தத் தீவில் இருக்கிறது? ஆக்ஸிஜன் கூடிய நைட்ராக்ஸ் கலவைக்குத் தனிக் கட்டணமா? பதில் தெளிவாக வந்தால் அந்தக் கடைக்கு நடந்து போகும் தொலைவில், அல்லது அதன் வண்டி வந்து ஏற்றும் இடத்தில் அறை தேடுங்கள்.

இதற்கு வழக்கமாக எழும் மறுப்பு, ‘குடும்பத்தில் எல்லாருமா டைவ் செய்கிறார்கள்?’ என்பது. நியாயமான கேள்வி. டைவ் செய்யாத இருவருக்காக மணற்கரை தேடும்போது பொனேர் ஏமாற்றலாம். அங்கே கரையில் பெரும்பகுதி பவளக் கல்தான். சபா தீவில் நிலையான மணற்கரையே கிடையாது. தங்குவோர் பலர் கடலிலிருந்து 400 மீட்டர் போல உயரத்தில் உள்ள வின்ட்வர்ட்சைட் ஊரில் இருந்துகொண்டு, ஃபோர்ட் பே துறைமுகத்துக்கு வண்டியில் இறங்கி வருகிறார்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால், டைவ் முடித்து எப்போது ஊருக்கு ஏறலாம் என்று கடையில் கேட்டுக்கொள்வது நல்லது. ‘கடலோரம் தங்கு’ என்பது என் வாதம் அல்ல என்பதற்குச் சபாவே சான்று. வாதம், படகை எட்டும் நேரத்தைப் பற்றியது. குடும்பத்தோடு போகிறவருக்குக் கிராண்ட் கேமனும் கோசுமெலும் பொருந்துவது, காலை டைவ் முடித்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட முடிவதால்தான். மணலுக்காகத் தீவை மாற்றுங்கள், தவறில்லை. மாற்றிய தீவிலும் காற்று எந்தப் பக்கம், படகு எங்கே என்ற கேள்விகள் மாறாது.

இன்னொரு மறுப்பு பணம். டைவ் விடுதியின் மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும். ஊருக்குள் ஒரு வீடு பாதி விலைக்குக் கிடைக்கும். அந்தப் பாதியோடு டேங்க் வாடகை, எடைக்கற்கள், டாக்ஸி, படகுக் கட்டணம், பூங்காக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரே டைவ் என்றால் வீடுதான் லாபம். மூன்று, நான்கு என்று போனால் தட்டு மெல்ல மறுபக்கம் சாயும். விருந்தினர் விமர்சனங்களையும் இதே கண்ணோடு படியுங்கள். ‘மெத்தை பழையது’ என்ற குறைக்கு மதிப்பில்லை. ‘உபகரணம் கழுவ நன்னீர்த் தொட்டி இல்லை’, ‘காலைச் சிற்றுண்டி எட்டு மணிக்குத்தான்’ என்ற குறைகள் உங்களுக்கானவை. படகு எட்டுக்குக் கிளம்பும்போது எட்டு மணிச் சிற்றுண்டி யாருக்கு?

பருவம் விலையோடு பின்னிக் கிடக்கிறது. சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை உச்சம். அறை மலிவாகக் கிடைப்பதும் அப்போதுதான். அந்த மாதங்களில்தான் போக முடியும் என்றால் பூமத்தியரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கும் அரூபா, குராசோ, பொனேர் பக்கம் பாருங்கள். சூறாவளியின் வழக்கமான தடத்துக்குத் தெற்கே ஒதுங்கியவை. ஒதுங்கியவை என்பதால் தொடாதவை என்றாகாது. 1999 நவம்பரில் லென்னி சூறாவளி வழக்கத்துக்கு மாறாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்து, மறைவான மேற்குக் கரைகளையே அலையால் அடித்தது. 2008இல் ஓமர் சூறாவளி பொனேரின் மேற்குக் கரையைப் பதம் பார்த்தது. ஆகவே எந்தத் தீவானாலும், இந்தப் பருவத்தில் திருப்பித் தர முடியாத கட்டணத்தில் அறை எடுக்காதீர்கள். டைவிங் விபத்தை ஏற்காத பயணக் காப்பீட்டை நம்பிக் கிளம்பாதீர்கள்.

கட்டிலுக்கு வந்துவிட்டோம். ஈர உடை உலர்த்தக் காற்றோட்டமான தாழ்வாரம், கேமரா மின்கலத்துக்குப் போதுமான பிளக்குகள், ரோவாடான் போன்ற இடங்களில் மணல் ஈயைத் தடுக்கச் சன்னல் வலை இருந்தால் போதும். கடைசி இரவை மட்டும் தனியாகத் திட்டமிடுங்கள். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் நீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. ஒரே ஒரு சாதாரண டைவுக்கு 12 மணி. தீவுக்குத் தீவு பறக்கும் சிறு விமானத்துக்கும் இதே விதிதான். காலை விமானம் என்றால் முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு டைவ் கிடையாது. அந்த ஓர் இரவுக்கு டைவ் விடுதியின் விலையைக் கொடுக்காமல், விமான நிலையத்துக்கு அருகே மலிவான அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.