திருகோணமலை யாருடைய தலைநகர்?

கேள்வி: இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நீலகிரியில் நிறைய. இலங்கையில் தமிழர் மாகாணத்தின் தலைநகர் யாழ்ப்பாணம்தானே?
– ஒரு வாசகி, காந்தல், உதகை

பதில்: வடக்கும் கிழக்கும் ஒன்றாயிருந்தபோது திருகோணமலை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து இணைக்கப்பட்ட வடக்கு-கிழக்கு மாகாணத்துக்கு அதுவே தலைநகராக இருந்தது. 1988 டிசம்பரில் வரதராஜப்பெருமாள் அம்மாகாணத்தின் முதலமைச்சரானார். 1990இல் மாகாண சபை கலைந்தது. இணைப்பே செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது திருகோணமலை கிழக்கு மாகாணத்துக்கு மட்டும் தலைநகர்.

திருகோணமலை யாருக்குச் சொந்தம் என்ற இழுபறி இன்னும் ஓயவில்லை.

திருஞானசம்பந்தர் பாடிய அங்குள்ள கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். இன்றும் பக்தர்கள் கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் மேயும் பாதையில்தான் கோயிலுக்குப் போகிறார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் திருகோணமலை. 2005 மே மாதம் பேருந்து நிலையத்தருகே திடீரென முளைத்த புத்தர் சிலையை எதிர்த்துத் தமிழர்கள் கடையடைப்பு நடத்தினார்கள்.