கதிரில் உட்காரும் குருவி எது? படம் பார்த்து அறியலாம்

நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் வயலில் குருவிக் கூட்டம் இறங்குகிறது. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவையானாலும் சம்பாவானாலும் இந்தத் தொல்லை உண்டு. வந்தவை எல்லாவற்றையும் "குருவி" என்று ஒரே பெயரில் சொல்லி விடுகிறார்கள். எந்தப் பறவை, எது அதன் சேதம் என்று தெரிந்துகொண்டால் வீண் செலவில்லாமல் பயிரைக் காக்கலாம்.

இதற்கு வண்ணப் படங்கள் உள்ள பறவை நூல் ஒன்று பெரிதும் உதவும். சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய ஆங்கில நூல் 1941-ல் முதன்முதலில் வெளிவந்தது. பறவையின் அளவை அதில் சிட்டுக்குருவி, மைனா, காகம் போன்ற தெரிந்த பறவைகளோடு ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைக் கொண்டு இனம் காணலாம். விவரங்களைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லலாம்.

வயலில் காணும் இனங்கள்

சில்லை அல்லது முனியா எனப்படுபவை சிட்டுக்குருவியை விடச் சிறியவை. அலகு குட்டையாக, தடித்து இருக்கும்.

புள்ளிச் சில்லை: முதுகு பழுப்பு. மார்பில் மீன் செதில் போன்ற கோலம்.

கருந்தலைச் சில்லை: தலை கறுப்பு, முதுகு செம்பழுப்பு, வயிற்றின் நடுவில் கறுப்பு.

வெண்முதுகுச் சில்லை: உடல் கரும்பழுப்பு. பறக்கும்போது வாலுக்கு மேல் வெள்ளை தெரியும்.

குஞ்சுப் பருவத்தில் இவை எல்லாம் வெறும் பழுப்பாக இருப்பதால் அடையாளம் தவறுவது எளிது. தாய்ப் பறவைகளோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

தூக்கணாங்குருவியும் நெல் தின்னும். ஆனால் தன் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளைப் பிடித்து ஊட்டும். சில்லைகளும் நெல்லோடு புல் விதைகளைத் தின்கின்றன.

சேதம் யாருடையது?

பால் பருவத்தில் குருவி கொத்திய மணி நசுங்கி, உமியில் வெள்ளைப் பால் ஒட்டியிருக்கும். மணி நசுங்காமல் பதராகி, மேலே பழுப்புப் புள்ளி இருந்து, வயலில் துர்நாற்றமும் வீசினால் அது கதிர் நாவாய்ப்பூச்சியின் வேலை. தூர் சாய்வாக வெட்டுப்பட்டுக் கிடந்தால் எலி. பூச்சி செய்ததற்குக் குருவியை விரட்டினால் பயனில்லை.

செய்ய வேண்டியவை

அக்கம்பக்கத்து வயல்களோடு ஒரே சமயத்தில் நடவு செய்ய வேண்டும். தனியாக முந்தியோ பிந்தியோ கதிர் விடும் வயலில்தான் கூட்டம் மொய்க்கும். வரப்பில் களைப் புல் விதை கட்ட விடக் கூடாது. பளபளக்கும் நாடாவைப் பயிருக்குச் சற்று மேலே முறுக்கிக் கட்டினால் காற்றில் ஆடி ஒளி வீசும். காலையும் மாலையும் ஆள் நின்று ஒலி எழுப்புவது நல்லது. ஒரே முறையைப் பல நாள் கையாண்டால் பறவைகளுக்குப் பழகிவிடும். ஆகவே இடத்தையும் முறையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

விஷம் கலந்த தானியம் வைப்பது ஆபத்து. வீட்டுக் கோழியும் வாத்தும் மயிலும் அதைத் தின்று சாகும்.

கூண்டில் வளர்க்கலாமா?

ஒரு காலத்தில் சில்லைகளைப் பிடித்து, சாயம் பூசிக்கூடச் சந்தைகளில் விற்றார்கள். வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் வந்த கட்டுப்பாடுகளுக்குப் பின் இந்த வியாபாரத்துக்குத் தடை ஏற்பட்டது. இப்போது நம் நாட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் அடைப்பதும் குற்றம். வலை வைத்துப் பிடித்துத் தந்தால் பணம் தருவதாக வியாபாரி யாரேனும் வந்தால் உடன்படக் கூடாது. வழக்கு, வலை வைத்த விவசாயி மீதும் பாயும்.

குருவி வளர்க்கும் பிரியர்களுக்கான படநூல்களில் நம் வயல் சில்லைகளின் படங்களும் இருக்கும். அவற்றை இனம் காண மட்டும் பயன்படுத்திக்கொள்வது நல்லது. ஊர் நூலகத்தில் பறவை நூல் ஒன்று இருக்கிறதா என்று விசாரித்து, கதிர் விடும் முன்பே ஒருமுறை புரட்டிப் பார்த்து வைத்தால் வயலில் இறங்கும் கூட்டம் எது என்று உடனே விளங்கும்.