பட்டிழையும் மூலக்கூறு எடையும்

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில்களும் பட்டும் நம் நினைவிற்கு வரும். அப்பட்டிழை வேதியியலார் கூறும் 'பலபடி' என்னும் பொருள்வகையைச் சார்ந்தது என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ்த்துறையினராகிய நாம் வேதியியல் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். தறியில் புழங்கும் மொழி தமிழாதலின், தறியில் ஓடும் இழையின் இயல்பையும் தமிழிலேயே விளக்க முற்படுகின்றோம்.

பலபடி என்பது யாது?

சிறு மூலக்கூறுகள் பல, சங்கிலியின் கண்ணிகள் போல் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் பெருமூலக்கூறே பலபடி. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைப் 'பல்பகுதியம்' என வழங்கும். இத்தகைய நீண்ட சங்கிலிகள் உண்டென 1920இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எழுதியபோது பலர் ஏற்க மறுத்தனர். 1953இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

மூலக்கூறு எடை

ஒரு மூலக்கூறிலுள்ள அணுக்களின் எடைகளைக் கூட்டக் கிடைப்பது மூலக்கூறு எடை. நீருக்கு அது 18, சர்க்கரைக்கு 342. பட்டின் உள்ளிழையாகிய ஃபைப்ராயின் என்னும் புரதத்தின் பெருஞ்சங்கிலியிலோ 5,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. அதன் எடை 3,50,000ஐயும் கடக்கும். நீண்ட சங்கிலிகள் நெருங்கிப் படிந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்வதாலேயே பட்டிழை இழுவிசையைத் தாங்குகின்றது.

கொதிநீரில் நிகழ்வது

கச்சாப் பட்டில் ஏறத்தாழக் கால் பங்கு, செரிசின் என்னும் பசை. சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் பசை நீங்கிப் பட்டு பளபளப்புறும். காரமோ நேரமோ மிகுந்தால் பசையோடு நில்லாமல் ஃபைப்ராயின் சங்கிலிகளும் அறுபடும். ஒரே நீளமாக இருந்தவை பல நீளத் துண்டுகளாகும். அப்போது சராசரி கொண்டே எடையைக் கூற இயலும்.

சான்றாக, 10,000 எடையுள்ள சங்கிலி ஒன்றும் 30,000 எடையுள்ளது ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். எண்ணிக்கைச் சராசரி 20,000. மொத்த எடையில் முன்னது கால் பங்கு, பின்னது முக்கால் பங்கு. அவ்விகிதப்படி கணக்கிட்டால் எடைச் சராசரி 25,000. இவ்விரண்டும் விலக விலக, சங்கிலிகளின் நீளம் சீரற்றது என்று அறியலாம்.

சராசரி எடை மிகக் குறைந்தால் இழை வலுவிழக்கும். பாவு தறியிலேயே அறும். இழை முடியும் உழைப்பும் நாளிழப்பும் நெசவாளர் தலையில் விழும்.

மாணவச் செல்வங்களே! கொதிகலத்தின் முன் நிற்பவர் தம் அனுபவத்தால் பட்டின் 'பதம்' அறிகின்றார். பதம் தவறாமல் இழையை எடுப்பவர், அப்பெயர் அறியாமலே மூலக்கூறு எடையைக் காத்து நிற்கின்றார். அவர் கைத்திறனுக்கும் நும் பாடநூலுக்கும் இடையே பாலமாக நிற்பது நும் கடன்.