கடல் கடந்த குடும்பங்களும் கைவிட்டுப்போன பத்திரங்களும்

வன்னியிலுள்ள சில கிராமங்களில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் பிறந்த இடங்களைக் கேட்டால், பாட்டி மலையகத் தோட்டமொன்றிலும் மகன் வவுனியாவிலும் பேரப்பிள்ளை தமிழ்நாட்டு முகாமொன்றிலும் பிறந்ததாகச் சொல்வார்கள். இக்குடும்பங்கள் இரு நாடுகளுக்கிடையே ஏன் அலைய நேர்ந்தது? அதனால் இன்று அவர்களின் பிள்ளைகள் எதிர்நோக்கும் சிக்கல் யாது? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. தோட்டங்களை நோக்கி

19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியத் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஆரம்பத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் சேவை ஆரம்பமானது. தோட்டங்களுக்கு வருவோரை மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைத்து, நோய் உண்டா எனச் சோதித்தே அனுப்பினர். மண்டபம் என்ற இப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவதைக் கவனிப்போம்.

2. எண்ணிக்கையாக்கப்பட்ட மக்கள்

1948ஆம், 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களால் தோட்ட மக்களில் பெரும்பாலானோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பட்டன. ஏழு பேருக்கு நான்கு பேர் என்ற இக்கணக்கைப் போட்டபோது, கணக்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்தால் குடும்பம் இரண்டாகியது. இந்தியா செல்லக் கிடைத்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாமை அடைந்தனர். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்கள் அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

3. மீண்டும் கடல்

1977, 1983 வன்செயல்களின்போது மலையகக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளுக்கு இடம்பெயர்ந்து, காடு வெட்டிக் குடியேறின. அங்கும் போர் தொடர்ந்தது. 1984இல் கப்பல் சேவை நின்றது. பின்னர் மீன்பிடிப் படகுகளில் கடல் கடந்து, மறுபடியும் மண்டபத்தை அடைந்தனர். 1987இன் பின் சிலர் திரும்பினர். 1990இல் மீண்டும் ஓடினர். 2009இல் போர் முடிந்தபின் மறுபடியும் சிலர் திரும்பினர். 2022இன் பொருளாதார நெருக்கடியிலும் மன்னாரிலிருந்து குடும்பங்கள் தனுஷ்கோடிக் கரையில் இறங்கின.

ஆக, ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒப்பந்தப்படி கப்பலில் போனவர் இந்தியப் பிரஜை. படகில் போனவர் அகதி. இருவரையும் வேறாக்கியது கையிலிருந்த பத்திரமே.

4. பிள்ளைகள் எந்நாட்டவர்?

இந்தியாவில் பிறந்தால் இந்தியப் பிரஜை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். 1987 யூலை 1க்கு முன் பிறந்தோருக்கு அது பொருந்தும். அன்றுமுதல் பிறந்தோருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருத்தல் வேண்டும். 2004 டிசெம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகவும் இருத்தலாகாது.

இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறினால், தக்க காரணம் காட்டி அமைச்சரின் அனுமதி பெற்றுப் பதியலாம். முன்னர் தந்தை இலங்கைப் பிரஜையாக இருந்தாலே பிள்ளைக்கு இவ்வுரிமை கிடைத்தது. 2003இல் தாய் வழியாகவும் கிடைக்கச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. எனவே வழி அடைபடவில்லை. ஆனால் பாட்டி எங்கே பிறந்தார், எப்போது எங்கே வாழ்ந்தார் என்பதை நிரூபிக்க முடியாத குடும்பத்துக்கு அவ்வழி எட்டாததாகவே இருக்கும்.

5. நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ஒவ்வொரு குடும்பமும் ஒரு கொப்பியில் தன் குடும்ப அட்டவணையை எழுதட்டும். பெயர், பிறந்த இடம், திகதி, கடல் கடந்த ஆண்டு, திரும்பிய ஆண்டு ஆகியன அதில் இருக்கட்டும். முதியவர்கள் உயிரோடிருக்கும்போதே இதைச் செய்தல் நன்று.

இரண்டாவதாக, தோட்டப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, முகாம் அட்டை எதையும் எறியாதிருப்போம். பிரதிகளை வேறொரு வீட்டிலும் வைத்திருப்போம்.

மூன்றாவதாக, பதியப்படாத பிள்ளைகளின் விபரத்தைச் சங்கம் திரட்டி, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கூட்டாகக் கையளிக்கட்டும். தனியொருவரை நாளை வரச்சொல்லித் திருப்பியனுப்புவது சுலபம். நாற்பது பேரை அவ்வாறு அனுப்புவது கடினம்.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் பிறப்புப் பதிவில்லாத பிள்ளைகள் எத்தனை பேர்?
2. பதியாமைக்குக் காரணம் பணமா, பயமா, அறியாமையா?
3. திரும்பிவந்த குடும்பங்களை நாம் எப்பெயரால் அழைக்கிறோம்? அப்பெயர் அவர்களை எம்மோடு சேர்க்கிறதா, பிரிக்கிறதா?