நடவுப் பாட்டுக்குப் பழைய இசைத்தட்டு உண்டா?

கேள்வி: பாப் டிலனில் தொடங்கி, அவருக்கு முந்தைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். சுரங்கத் தொழிலாளிகள்கூட 1920-களிலேயே இசைத்தட்டில் பாடியிருக்கிறார்கள். நம் தஞ்சை வட்டார நடவுப் பாட்டுக்கும் அப்படி ஏதாவது உண்டா? எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகர், மன்னார்குடி

பதில்: அந்தக் காலத்துத் தமிழ் இசைத்தட்டு என்றாலே கர்நாடக இசை, நாடகப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. வயல்காட்டுப் பாட்டு அதில் அரிது. காரணம் சந்தைதான். 1927-ல் விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பியர் டென்னசி மாநிலத்து பிரிஸ்டலில் கார்ட்டர் குடும்பத்தையும் ஜிம்மி ராட்ஜர்ஸையும் பதிவு செய்தபோது, அந்தத் தட்டுகளைக் காசு கொடுத்து வாங்க அங்கே கிராமத்து ஜனங்களே இருந்தார்கள். நம் ஊரில் கிராமபோன் பெட்டி மிராசுதார் வீட்டுக் கூடத்துப் பொருள். நெல்லைக் கூலியாக வாங்கிப்போனவர்களை நம்பி எந்தக் கம்பெனி தட்டு போடும்?

அதனால் நம் பாட்டு முதலில் காகிதத்தில் ஏறியது. பெர்சி மாக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி சேகரித்த பாடல்களை கி.வா.ஜகந்நாதன் பதிப்பிக்க, தஞ்சை சரஸ்வதி மகால் 1958-ல் ‘மலையருவி’ என்று வெளியிட்டது. ஒலியாகப் பரவலாகக் கிடைத்தது கேசட் வந்த பிறகுதான். வேதாரண்யம் பக்கத்துப் புஷ்பவனத்தில் பிறந்த புஷ்பவனம் குப்புசாமியிலிருந்து தொடங்குங்கள். அடுத்து, ‘நாக்க முக்க’வுக்கு முன்பே மேடைகளில் பாடிவந்த தஞ்சை சின்னப்பொண்ணு. பிறகு இன்குலாப் எழுதி கே.ஏ.குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’. கூலித் தகராறில் 1968-ல் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணி இருக்கும் வட்டாரத்தில் அதைக் கேட்பது வேறு அனுபவம்.

அமெரிக்கப் பக்கம், ஹாரி ஸ்மித் தொகுத்து 1952-ல் ஃபோக்வேஸ் வெளியிட்ட 84 பாடல்களின் தொகுப்பைத் தவறவிடாதீர்கள். பாஞ்சோ வாசித்த டாக் பாக்ஸ் அதில் உண்டு. 1927-ல் பாடிப் பதிந்துவிட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்கே திரும்பியவர்; 1963-ல் மைக் சீகர் தேடிப்போன பிறகே மறுபடி மேடை ஏறினார்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டுடியோவில் தபேலாவும் கீபோர்டும் சேர்த்த நடவுப் பாட்டு வேறு, வயலில் கேட்பது வேறு. வயலில் ஒருத்தி அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றில் ஊன்றும். குனிந்தபடியே பின்னால் நகர்வார்கள். அந்தக் கை வேகம்தான் தாளம். மூச்சு வாங்கும் இடத்தில் வரி நிற்கும்.

நடவு இயந்திரம் வந்த ஊர்களில் இந்தப் பாட்டுக்கு வேலையே இல்லை. உங்கள் ஊரில் பாடத் தெரிந்த ஆத்தாக்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்தோடு செல்போனிலாவது பதிந்துவையுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி, எந்த வேலைக்கான பாட்டு என்பதையும் சொல்லச் சொல்லிச் சேர்த்துப் பதியுங்கள். ஒரு பிரதியைத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாட்டுப்புறவியல் துறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். வரும் சம்பா நடவுக்கே தொடங்கிவிடலாம்.