சங்கு ஊதிய பிறகு

சிங்காநல்லூருக்கு அப்பால் இருந்த ஒரு நூற்பாலையில் ஷிப்டு குமாஸ்தாவாக இருந்து ஜீவனம் செய்தவன் நான். பகல் ஷிப்டு, அரை நைட்டு, முழு நைட்டு என்று வாரத்துக்கு ஒன்றாக மாறிவந்த பொழுதுகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தைச் சேர்த்துவைத்து இரண்டு நாவல்களும் நாற்பது சிறுகதைகளும் எழுதினேன். எழுத்தாசை கொண்ட பிள்ளைகள் இப்போதும் சரவணம்பட்டியிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வீடு தேடி வருகிறார்கள். வேலையை விட்டுவிட்டு எழுத்தே கதியென்று இருந்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அவர்களுக்குப் பதில் சொல்ல என்னால் முடிந்ததில்லை. அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் எனக்கு நானே கேட்டுக்கொண்டு, ஆம் என்று விடையும் சொல்லிக்கொண்டு, அதன் பலாபலன்களைப் பதினான்கு மாதம் அனுபவித்தவன் என்ற ஒரே பாத்தியதையால் இதை எழுதுகிறேன்.

1986ஆம் வருஷம், ஆலையில் சேர்ந்து ஒன்பது வருஷம் கழிந்த நிலையில், சில கதைகள் பத்திரிகைகளில் பிரசுரமாகி, சன்மானமும் மணியார்டராக வந்திருந்த உற்சாகத்தில், நான் உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தேன். மகளுக்கு அப்போது மூன்று வயசு. என் மனைவி தடுக்கவில்லை. "ஏனுங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா? ஆனா அரிசிக்காரருக்கு மட்டும் ஒண்ணாந் தேதியே சொல்லிப்போடுங்க" என்றாள். எங்கள் தோட்டத்து வீட்டில் இருந்த ஆத்தாதான், பருத்தி மாரைக் கட்டிக்கொண்டே, "எழுதறதெல்லாஞ் செரி கண்ணு, அடுப்புக்கு எது வெறகு?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த கவலை அப்போது எனக்குக் கோபத்தையே உண்டாக்கிற்று.

பட்டினி கிடந்தோம் என்று நான் எழுதப்போவதாக வாசகர் நினைக்கலாம். அப்படியில்லை. ஒரு தொடர்கதைக்கு வரவேண்டிய தொகை வராமல் போனது வாஸ்தவம். ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து வேறு வகையில் வருமானம் வரத் தொடங்கிவிட்டது. கோயமுத்தூர் செல்வமும் நன்றி மறவாமையும் நிறைந்த ஊர். இங்கே மணிவிழாக்களுக்கும் கும்பாபிஷேகங்களுக்கும் மலர் போடுவார்கள். டவுன்ஹால் பக்கத்து அச்சுக்கூடம் ஒன்றின் மூலமாக அந்த மலர்களுக்கு வாழ்க்கை வரலாறும் வாழ்த்துரையும் எழுதிக்கொடுக்கும் வேலை எனக்குக் கிட்டியது. அதைத் தொடர்ந்து நகைக்கடைத் தீபாவளி விளம்பரம், பம்புசெட்டுக் கம்பெனியின் விலைப்பட்டியலுக்கு முன்னுரை, கல்யாண வாழ்த்துமடல் என்று வேலை பெருகி, ஆறாவது மாதத்தில் ஆலைச் சம்பளத்தைவிட அதிகமாகவே சம்பாதித்தேன். அரிசிக்காரருக்குப் பாக்கி இல்லை. எழுதித்தான் பிழைக்கிறேன் என்ற பெருமையும் இருந்தது.

அந்த ஐப்பசியில், ஒரு மழைநாள் சாயந்திரம், வெகு நாளாக மனசில் கிடந்த ஒரு காட்சியை எழுத உட்கார்ந்தேன். திண்ணையில் ஒரு கிழவி கடலைக்காய் உரிக்கிறாள், பேரனுக்குக் கொடுக்காமல் விதைக்கென்று பருப்பை ஒதுக்கிவைக்கிறாள், பேரன் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான் காட்சி. நான் எழுதிய முதல் வாக்கியத்தில் அந்தக் கிழவிக்கு 'அருங்குணம்' வந்து சேர்ந்தது. இரண்டாவது வாக்கியத்தில் 'தாயுள்ளம்' வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அதே வார்த்தைகள், வேறு வரிசையில் வந்தன. அவள் நகக்கண்ணில் ஒட்டியிருந்த செம்மண் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சொல்வதற்கான வார்த்தை மட்டும் கைக்கு வரவில்லை. பகல் முழுதும் முகம் அறியாத பெரியவர்களின் வள்ளன்மையை வர்ணித்து வர்ணித்து, என்னிடமிருந்த ஒரே ஆயுதம் முனை மழுங்கிப்போயிருந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதன்பின் மூன்று மாதம் முயன்று பார்த்தேன். பிறகு பழைய ஆலைக்கே போய், சீனியாரிட்டியை இழந்து, தாற்காலிக ஆளாகத் திரும்பவும் சேர்ந்துகொண்டேன்.

ஜீவனோபாயம் எழுத்தாளனுடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்றே எல்லோரும் குறைப்படுகிறோம். நேரம் போனால் போகட்டும், அதை எப்படியாவது திருட்டுத்தனமாகச் சம்பாதித்துவிடலாம். சம்பளத்துக்காகச் செலவழிப்பதும், கதைக்காகச் சேமித்துவைக்க வேண்டியதும் ஒரே பொருளாக இருந்துவிட்டால்தான் ஆபத்து. ஷிப்டு குமாஸ்தாவாக நான் செய்த வேலை, ஆள்வருகையைப் பதிவதும், ஒவ்வொரு ஸ்பின்னிங் மிஷினிலும் எவ்வளவு நூல் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்து எழுதுவதும், கோன் மூட்டைகளை எண்ணுவதுமே. நாற்பதாம் நம்பர் நூல் இத்தனை கிலோ, அறுபதாம் நம்பர் இத்தனை கிலோ என்று கை எண்களை எழுதிக்கொண்டிருந்தபோது, வார்த்தைகள் யாராலும் தீண்டப்படாமல் உள்ளே இருந்தன. அதோடு, எந்த நூலகத்திலும் கிடைக்காத பேச்சு அந்த இரைச்சலுக்கு நடுவே காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இந்த விஷயத்தில் எங்கள் நாட்டுக்கு முன்னோடியாக நிற்கும் ஆர். சண்முகசுந்தரத்தை நான் நினைக்காத நாள் இல்லை. 1917இல் கீரனூரில் பிறந்த அவர், 'நாகம்மாள்' நாவலை வெளியிட்டது 1942இல், வயசு இருபத்தைந்துதான். கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சு, அதன் இழுப்பும் குழைவும் கெடாமல், அச்சில் ஏறியதைக் கண்டு நாங்கள் தலைநிமிர்ந்தோம். கோயமுத்தூரில் சகோதரரோடு சேர்ந்து புதுமலர் நிலையம் என்ற பதிப்பகமும், 'வசந்தம்' என்ற பத்திரிகையும் நடத்தினார். 1977இல் காலமாகும் வரையில் எழுத்தை நம்பியே வாழ்ந்த அவர், சரத்சந்திரர் முதலிய வங்காளி ஆசிரியர்களின் நாவல்களை ஹிந்தி வழியாக ஏராளமாகத் தமிழாக்கினார். 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் படித்தவர்கள் அந்த உழைப்புக்குக் கடன்பட்டவர்கள். அதை நஷ்டம் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனாலும் அவர் தமக்கென்று எழுதியவை மொழிபெயர்த்தவற்றைவிட எண்ணிக்கையில் எவ்வளவு குறைவு என்று பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அந்த இரவுகளில் பாதியாவது அவருடைய சொந்த நாவல்களுக்குக் கிடைத்திருந்தால், எங்கள் மேட்டுக்காட்டு ஜனங்களில் இன்னும் எத்தனை பேர் அச்சில் உயிரோடு இருந்திருப்பார்கள்!

மற்றொரு பக்கம் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையைப் பாருங்கள். தொழில்முறையில் அவர் சித்திரக்காரர். உருவப்படம் எழுதிச் சம்பாதித்தவர். தூரிகை சோறு போட்டதால் பேனா சுதந்திரமாக இருந்தது. அவருடைய 'மலைக்கள்ளன்' 1954இல் எங்கள் ஊர்ப் பட்சிராஜா ஸ்டுடியோவின் படமாக வந்ததை இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். திருவனந்தபுரத்து ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவே அவர் இலக்கியம் ஆயிற்று. கோவையைத் தம் ஊராக்கிக்கொண்ட நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். பையை மடியில் வைத்துக்கொண்டு ஆலை அலுவலகத்து பெஞ்சுகளில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் விற்பனையாளர்களை நான் தினமும் பார்த்தவன். அந்த அலைச்சலுக்கு நடுவே எழுதிவந்த ஒருவருக்கு, 2010இல், 'சூடிய பூ சூடற்க' என்ற கதைத் தொகுதிக்காக சாகித்ய அகாதெமிப் பரிசு கிடைத்தபோது, எங்கள் பெஞ்சுக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

ஆசிரியர்கள் வார்த்தையைக் கொண்டே பிழைக்கிறவர்கள்தானே என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், ஆட்சேபணை நியாயமானது. 1971இல் கோவையிலிருந்து 'வானம்பாடி'யை விலையிலாக் கவிமடலாகக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் தமிழாசிரியர்களே. ஞானியும் புவியரசும் சிற்பியும் வகுப்பறையிலிருந்து வந்தவர்களே. மாதச் சம்பளம் இருந்தமையால்தான் கவிதையை விலையில்லாமல் கொடுக்க அவர்களுக்கு முடிந்தது என்பது என் அபிப்பிராயம். பாடம் சொல்லும் வார்த்தை உண்மையான வார்த்தை; மாணவன் முகத்தில் அது உடனே சோதிக்கப்படுகிறது. நான் விற்ற வார்த்தையை யாரும் சோதிக்கவில்லை. யாரும் நம்பவும் இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறதென்று தோன்றுகிறது.

இனி, திரும்பவும் ஆலைக்குப் போனபின் நான் கைக்கொண்ட சில வழக்கங்களைச் சொல்கிறேன். ஷிப்டு வேலை பார்க்கிறவர்களுக்கு இவை விசேஷமாகப் பிரயோஜனப்படும்.

எல்லா வாரமும் ஒரே மாதிரி எழுத முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவே நாலைந்து வருஷம் பிடித்தது. அரை நைட்டு வாரம்தான் பொன்னானது; சாயந்திரம் நாலு மணிச் சங்குக்குத்தான் ஆலைக்குள் போகவேண்டும் என்பதால், காலை ஆறு முதல் ஒன்பது வரை புதிதாக எழுதுவேன். பகல் ஷிப்டு வாரத்தில், சாயந்திரம் வந்து குளித்துவிட்டு, முன்பு எழுதியதைத் திருத்திப் பிரதி எடுப்பேன். களைத்த மூளை சிருஷ்டிக்கு உதவாவிட்டாலும் பிழை கண்டுபிடிக்க நன்றாகவே உதவுகிறது. முழு நைட்டு வாரத்தில் எழுதவே கூடாதென்று விரதம் வைத்துக்கொண்டேன். விடிய விடிய விழித்த கண்ணோடு எழுதியவற்றைப் பிற்பாடு கிழித்துப் போட்டதுதான் மிச்சம். அந்த வாரத்தில் காதில் விழுந்த பேச்சை மாத்திரம், அச்சுப்பிழையென்று தள்ளிய ரிப்போர்ட் தாளின் பின்புறத்தில் குறித்துக்கொள்வேன்.

நடுவில் விட்டதைத் தொடர்வது எப்படி என்பதை ஆலையே கற்றுக்கொடுத்தது. ஷிப்டு மாறும்போது மிஷினைக் காலி செய்துவிட்டுப் போவதில்லை. இழை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆள் வந்து கைமாற்றிக்கொள்கிறார். நானும் ஓர் அத்தியாயம் முடிந்த அன்றைக்கு அதோடு எழுந்திருப்பதில்லை. அடுத்த அத்தியாயத்தின் முதல் இரண்டு வாக்கியங்களை எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். இரண்டு வாரம் கழித்து வந்து உட்கார்ந்தாலும் பிணைக்க ஒரு நுனி கையில் இருக்கும்.

வீட்டாரோடு ஏற்படுத்திக்கொண்ட உடன்படிக்கை இவை எல்லாவற்றையும்விட முக்கியம். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து முதல் எட்டு வரை என்னுடையது. அதற்குப் பின் அந்த நாள் முழுதும் வீட்டினுடையது. எட்டு மணி அடித்தால், வாக்கியம் பாதியில் நின்றாலும், நோட்டை மூடிவிட்டு மகளோடு சந்தைக்குக் கிளம்பிவிடுவேன். அந்த எட்டு மணியை நான் மதித்ததனால்தான், ஐந்து மணியை அவர்கள் மதித்தார்கள்.

பணத்தைப் பற்றியும் பேசவேண்டும். பேசக் கூசியதால் நான் ஏமாந்திருக்கிறேன். நூலின் விலையில் நூற்றுக்குப் பத்து ஆசிரியருக்கு என்பதே பொதுவான வழக்கம். 200 ரூபாய் விலையுள்ள நாவல் 500 பிரதி விற்றால் ஆசிரியர் பங்கு 10,000 ரூபாய். அதுவும் ஒரே தவணையில் வராது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் வீட்டின் ஒரு வருஷச் செலவையும் எழுதிப் பார்த்துவிட்டு, அதன்பின் ராஜிநாமாக் கடிதத்தை எழுதுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்வது வழக்கம். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலவரையறையைக் குறிப்பிடச் சொல்லுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, அந்த மாற்றம் எழுத்தில் கையொப்பத்தோடு இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். இது தெரியாமல், என்றைக்குமாகக் கொடுத்துவிட்டதாக எண்ணி, முதல் நாவலின் மறுபதிப்பைக் கேட்காமலே பல வருஷம் இருந்துவிட்டேன்.

சொந்தமாக அச்சிட நகையை அடகு வைக்காதீர்கள். என் சிறுகதைத் தொகுதிக்காக மனைவியின் இரண்டு வளையல்களை வைத்து ஆயிரம் பிரதி போட்டேன், 340 விற்றன. மீதி கட்டிலுக்கடியில் கிடந்து, ஒரு மழைக்காலத்தில் கறையான் தின்றது. வளையல்களை மீட்க மூன்று வருஷம் ஆயிற்று. 'எழுத்து' பத்திரிகையை நடத்திய சி.சு. செல்லப்பா, புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். அந்தத் தியாகத்தை வணங்குகிறேன். ஆனால் ஒருவர் செய்த தியாகத்தை இன்னொருவர் வீட்டுப் பெண்ணின் கழுத்தையும் கையையும் கொண்டு செய்யலாகாது.

என் முதல் நாவலுக்குப் பதினொரு வருஷம் பிடித்தது. அதன் பல பகுதிகளை, டீ இடைவேளையில், வைண்டிங் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்த பெண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். தலையில் பஞ்சு படிந்திருக்க, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் கேட்பார்கள். பொய்யான வார்த்தை வரும் இடத்தில் டம்ளரைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த இடங்களையெல்லாம் நான் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு வந்து மாற்றியிருக்கிறேன்.

ஆலை 2007இல் மூடப்பட்டது. இப்போது நேரத்துக்குக் குறைவில்லை, சங்கும் இல்லை. நாலு மணி நெருங்கும்போது காது மட்டும் இன்னும் அதை எதிர்பார்க்கிறது. பேனாவும் ஏனோ அந்த நேரத்துக்குள் ஒரு பக்கத்தை முடித்துவிட அவசரப்படுகிறது.

சென்ற மார்கழியில் சிங்காநல்லூர் உழவர் சந்தையில் ஒரு வயசான அம்மாள் என்னை நிறுத்தினாள். வைண்டிங்கில் இருந்தவள், முகம் ஞாபகம் வர ஒரு கணம் ஆயிற்று. கீரைக்கட்டைப் பையில் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, அந்தக் கதையில புருசன் ஊட்ட உட்டுட்டுப் போனாளே ஒரு புள்ளை, அவ அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டாள். இருபது வருஷத்துக்கு முன் டீ இடைவேளை முடிந்துவிட்டதால் நான் படிக்காமல் விட்ட பகுதி அது; பிற்பாடு நாவலிலிருந்தும் நீக்கிவிட்டிருந்தேன். எழுதிக்கொண்டு வருகிறேன் அம்மிணி என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதை எடுத்து உட்கார்ந்தேன். இப்போது நாலாவது அத்தியாயத்தில் இருக்கிறேன்.