விபத்துக்குப் பின் தொடங்கும் வாழ்க்கை

சாலை விபத்து என்றதும் நம் கண்முன் நிற்பவை சிதைந்த வாகனமும், கூடிய கூட்டமும், விரைந்தோடும் ஆம்புலன்சுமே ஆகும். மறுநாள் நாளிதழில் மாண்டோர் தொகை வெளிவருகிறது. படுகாயமுற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஆயின், செய்தி முடியும் அவ்விடத்திலேதான் பலருடைய நெடுந்துயர் தொடங்குகிறது. அதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர் என நடுவணரசின் அறிக்கை கூறுகிறது. காயமுற்றோருள் எத்தனை பேர் தம் பழைய வாழ்வுக்குத் திரும்பினர் என்பதை இவ்வெண்கள் நமக்குச் சொல்வதில்லை.

உடலில் எஞ்சுபவை

எலும்பு கூடிவிட்டால் துன்பம் தீர்ந்தது என நாம் கருதுகிறோம். மூட்டினுள் ஏற்பட்ட முறிவோ பல ஆண்டுகள் கழித்தும் தேய்மானமாகவும் வலியாகவும் தலைகாட்டுவதுண்டு. துண்டிக்கப்பட்ட காலில், அக்கால் இல்லாத நிலையிலும் வலியை உணர்வோர் உளர். தண்டுவடம் சிதைந்தால் நடை மட்டுமன்று, தொடுவுணர்வும் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாதிக்கப்படுகின்றன. அத்தகையோரைப் படுக்கையில் அடிக்கடி திருப்பிப் படுக்க வைக்காவிடில் புண் உண்டாகும். அப்புண்ணே உயிருக்கு இடராகவும் முடியலாம்.

தலைக்காயத்தின் விளைவுகளோ புறக்கண்ணுக்குப் புலனாகாதவை. மறதி, கடுஞ்சினம், தீராச் சோர்வு, வலிப்பு ஆகியவை பின்னாளில் தோன்றக்கூடும். உருவம் அவ்வாறே இருக்க, "இவர் முன்போல் இல்லையே" என மனைவியும் மக்களும் கலங்குவர். அஃது அவருடைய குணக்கேடு அன்று, மூளையுற்ற காயத்தின் விளைவு என்பதை அறியாதார் அவர்மீது பழி சுமத்துகின்றனர். சாலையைக் கடக்கவே அஞ்சுவதும், உறக்கத்தில் விபத்து மீண்டும் மீண்டும் தோன்றி நடுக்குவதும் மருத்துவம் வேண்டும் நோயின் அறிகுறிகளே என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இல்லத்தில் விழும் சுமை

ஈட்டுபவர் படுக்கையில் வீழ்ந்தால், பேணும் பொறுப்புப் பெரும்பாலும் பெண்கள் தோளிலேயே விழுகிறது. நகை அடகுக்குச் செல்கிறது. மகனின் கல்லூரிப் படிப்புப் பாதியில் நிற்கிறது. ஒருவருக்கு நேர்ந்த காயம் ஒரு தலைமுறையின் காயமாக விரிகிறது.

இவ்வுண்மையை நீதித்துறையும் ஏற்றுள்ளது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இங்கு நினைக்கத்தக்கது. ஊனத்தின் விழுக்காடும் வருவாய் இழப்பின் விழுக்காடும் எப்போதும் ஒன்றாகா என்பது அதன் சாரம். இடக்கையை இழந்த எழுத்தர் தம் பணியில் தொடரலாம். தச்சரோ ஓட்டுநரோ அதே கையை இழப்பின் பிழைப்பு முழுவதையுமே இழக்கக்கூடும். சான்றிதழில் உள்ள எண்ணைக் காட்டிலும் அம்மனிதரின் வாழ்க்கையே அளவுகோல் என்பது இதனால் பெறப்படும்.

வேலூர் காட்டிய வழி

இத்தகைய வாழ்வுக்கு மீட்சி உண்டா? உண்டு என்பதற்கு மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் சான்றாவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் நேர்ந்த கார் விபத்தில் தண்டுவடம் சிதைந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மருத்துவர் பால் பிராண்ட் அவர்களின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணரானார். அவர் கால்கள் மீண்டும் நடக்கவில்லை. ஆயினும் பயிற்சியும், கருவியும், பணியும், உடனிருப்போரின் நம்பிக்கையும் அவருக்குக் கிடைத்தன. இவை நான்கும் கிடைக்காமையாலேயே எண்ணற்றோர் திண்ணையில் முடங்குகின்றனர்.

நம் கடமை

தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துற்றோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் துணை நிற்கிறது. அது போற்றத்தக்கது. அந்த 48 மணி நேரத்திற்குப் பின்வரும் 20 ஆண்டுகளுக்குத் துணை யார்? இவ்வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.

பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாகக் காட்டியவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். நோயுற்றோரை நலம் விசாரிப்பதையும் கடமையாக்கினார்கள். நாமோ முதல் வாரம் பழங்களோடு திரளாகச் செல்கிறோம். ஆறாம் மாதம் அவ்வீட்டு வாயிலை மறந்துவிடுகிறோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டது. அதன்படி சான்றிதழ் பெறவும், இழப்பீட்டு வழக்குக்கான ஆவணங்களைத் திரட்டவும் நம் மாணவர்கள் துணை நிற்கலாம். ஜமாஅத்துப் பெரியோர் ஜகாத் நிதியிலிருந்து தகுதியுடைய குடும்பங்களுக்கு உதவலாம். பள்ளிவாசலிலும் கல்லூரியிலும் ஒரு சாய்தளம் அமைப்பது பெருஞ்செலவன்று.

தலைக்கவசம் அணிவோம், வேகம் தவிர்ப்போம். அதனினும் ஒருபடி மேலாக, வீழ்ந்தவர் எழும்வரை, எழ இயலாதவர் வாழும்வரை உடன் நிற்போம். அதற்குரிய நெஞ்சுரத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!